பொழுது சாய்வதற்குள் ஒரு குஸ்கா

ஆரணி,
கார்த்திகை மாதம், திங்கள் காலை.

அன்புள்ள கோபிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். தறிகளும் நலம், மழை ஈரத்தில் பாவு நூல் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருப்பதைத் தவிர. நீயும் காவ்யாவும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க வேண்டும். வேளைக்கு என்ற சொல்லை இன்று ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்துத்தான் எழுதினேன். காரணம் பின்னால் வரும்.

நேற்று மாலையிலிருந்து நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். தெரியும். இரண்டு போன்களையும் அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அப்பா எடுத்தால் ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார். நேற்று நடந்தது ஒரு வார்த்தைக்குள் அடங்காது. நான் எடுத்தால் அவர் பின்னாலிருந்து திருத்துவார். அதனால் எழுதி, தாள்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசித் தாளுக்குத் தாவாதே. சின்ன வயதில் எந்தக் கதைப் புத்தகத்தையும் நீ வால் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாய், அந்தப் புத்தி இன்னும் போயிருக்காது. நான் அழுதுகொண்டு எழுதவில்லை. அதுமட்டும் முன்னதாகச் சொல்லலாம்.

போன வாரம் நீ ஒன்று கேட்டாய். இன்னொன்றைக் கேட்காமல் விட்டாய். கேட்டது: குஸ்கா என்றால் சைவமா, அந்தப் பேர் எங்கிருந்து வந்தது. அங்கே உலகத்தின் வடகோடியில், உன் தாம்பரேயில், நம்மூர்ச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் பட்டியலில் குஸ்கா என்று போட்டு, பக்கத்தில் பச்சைப் புள்ளி வைத்திருந்ததாகவும், காவ்யா ஸ்பூனை எடுத்துவிட்டு உன்னைப் பார்த்ததாகவும், உனக்குப் பதில் தெரியவில்லை என்றும் சொன்னாய். ஆரணிக்காரனுக்குத் தெரியவில்லை. நல்லது. கேட்காமல் விட்டது: உங்கள் கல்யாணத்துக்குக் காவ்யாவின் அப்பா சம்மதிப்பாரா. அதைக் கேட்க வந்து மழையைப் பற்றிக் கேட்டாய், எனக்குப் புரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பானையில் பதில் வெந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் குஸ்கா. பிரியாணி அண்டாவிலிருந்து கறித்துண்டு இல்லாமல் அள்ளிப்போடும் சோறு. கறி வெந்த சாறு, நெய், மசாலா எல்லாம் ஊறிய அதே சோறு. துண்டு மட்டும் இல்லை. கடைவீதியில் மெகபூப் பாய் கடையில் மத்தியானம் நின்றால் பிரியாணி என்ற சத்தத்தைவிடக் குஸ்கா என்ற சத்தம்தான் அதிகம் கேட்கும். தறியிலிருந்து நேரே எழுந்து வருகிறவர்களுக்கு அதுதான் சாப்பாடு. குஸ்கா, ஒரு கரண்டி கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. உன் அப்பா அந்தக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர். உனக்கு மறந்திருக்காது, புரட்டாசி வந்தால் நம் வீட்டில் கறிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவோம், அப்பா மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். எங்கே போனீர்கள் என்றால் பாய் கடை. இது புரட்டாசி என்றால், குஸ்காதான் சாப்ட்டேன், பீஸு எங்க, காட்டு பாக்கலாம். வருடா வருடம் இதே வழக்கு. இதே தீர்ப்பு. சனிக்கிழமை மட்டும் போக மாட்டார், பெருமாளுக்கு அந்த அளவு மரியாதை உண்டு. துண்டு இல்லையென்றால் சைவம் என்று மனதார நம்பும் மனிதர். இந்த நம்பிக்கைதான் நேற்று வீட்டுவாசல் வரைக்கும் வந்தது.

பேர் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வேலூரில் எம்.ஏ. படித்தபோது ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் ஷமீம். அவள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டப்பா வரும். இன்று என்ன என்று கேட்டால் குஷ்கா என்பாள். நாங்கள் நாக்கைத் தீட்டிக்கொண்டு திறந்தால் உள்ளே வெள்ளைச் சோறு. வெறும் சோறு. பக்கத்துக் கிண்ணத்தில் பருப்பு. ஏமாற்றிவிட்டாயே என்று சண்டை பிடித்தோம். எங்கள் வீட்டில் குஷ்கா என்றால் வெறும் சோறுதான், குஷ்க் என்றால் உலர்ந்தது, அதோடு எதுவும் சேராதது என்றாள். பாரசீகத்தில் பிறந்து உருதுவில் வளர்ந்து நம் பக்கம் குடியேறிய சொல். வெறும் சோற்றின் பேர் எப்படிக் கறிச்சாறு ஊறிய சோற்றுக்குப் போனது என்பதற்கு என் ஊகம் இதுதான்: கடையில் கத்திச் சொல்ல ஒரு சின்ன வார்த்தை வேண்டும், துண்டு இல்லாத சோறு அவர்கள் கணக்கில் வெறும் சோறு. யாராவது ஆற்காட்டு நவாப்பின் சமையற்காரர், ஒரு போர், ஒரு மழை நாள் என்று கதை சொன்னால் ரசித்துக் கேள். நம்பாதே. எனக்கும் உறுதியாகத் தெரியாது. வீட்டில் வெள்ளையாக இருந்த ஒரு சொல் கடைக்குப் போய் நெய்யும் மசாலாவும் பூசிக்கொண்டது. அது மட்டும் தெரியும்.

இனி நேற்று. அரிசி மில் சுப்பராயலு மாமா பத்து நாளாக இரண்டு பக்கமும் நடந்தார். காவ்யாவின் அப்பா தரணேந்திரன் தன் நெல்லை அவர் மில்லுக்குத்தான் கொண்டுவருவார், அதனால் அவர் பேச்சுக்கு அங்கே இடம் உண்டு. நம் அதிர்ஷ்டம். மற்றபடி எல்லாமே எதிராக நின்றது, கோபி. அவர்கள் நம் பக்கத்துத் திருமலை அடிவாரத்து நயினார்கள், சமணர்கள். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறவர்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கிறவர்கள். அதோடு பட்டு நெய்கிறவர்கள். புழுவை வேகவைத்து எடுக்கும் நூலில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது என்று அவர் சொன்னால் நான் என்ன சொல்வேன். ஒரு வாரம் அதற்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. சனிக்கிழமை சுப்பராயலு மாமா வந்து, தங்கச்சி, நயினாரு நாளைக்கு வராரு, வூட்டப் பாத்துட்டுதான் எதுவும் பேசுவாராம், ஒண்ணு மட்டும் கண்டிஷனா சொல்லிட்டாரு, கை நனைக்க மாட்டாங்க, காபி கீபின்னு புடிச்சி இழுக்காதீங்க, மூணு மணிக்கு வருவாங்க, பொழுது இருக்கும்போதே கெளம்பிடுவாங்க என்றார். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை. நமக்கும் உள்ள வழக்கம்தான், குற்றம் சொல்ல முடியாது. கை நனைத்துவிட்டால் சரி என்று சொல்லிவிட்டதாக ஆகிவிடும். அப்பா கேட்டார், தண்ணி கூடவா? மாமா சொன்னார், தண்ணி பாட்டில் அவங்களே எடுத்தாருவாங்க.

வந்தார்கள். மழையில் தாமதமாகி, நாலு மணிக்கு மேல். தூறல். தரணேந்திரன் உயரமாக, ஒல்லியாக, குடையை மடக்கி வாசலுக்கு வெளியே சாத்திவிட்டு வந்தார். அவர் மனைவி பத்மாவதி கையில் பெரிய பை, அதில் நிஜமாகவே தண்ணீர் பாட்டில். நம் பச்சையம்மாள் எதிர் வீட்டு ஜன்னலில் முக்கால்வாசி வெளியே தொங்கிக்கொண்டிருந்தாள். (அவள் இன்னும் நீ தாம்பரத்தில் வேலை பார்ப்பதாகத்தான் நினைக்கிறாள். அங்கன கீற தாம்பரத்துலேர்ந்து ஒரு ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போவ முடியாதா உன் புள்ளைக்கு என்று என்னைத் திட்டுகிறாள். திருத்தவில்லை. நீ பக்கத்தில் இருப்பதாக ஒருத்தியாவது நம்பட்டும்.) அவர்கள் கூடத்தில் உட்காரவில்லை. தறியைப் பார்க்கலாமா என்று பத்மாவதி கேட்டார். தறிக்கூடத்தில் முத்துவேல் மயில்கழுத்து நிறத்தில் முந்தி ஓட்டிக்கொண்டிருந்தான். தரணேந்திரன் குனிந்து நூலைப் பார்த்தார். தொடவில்லை. அந்தப் பட்டுக் கேள்வி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு கேள்வி கேக்கலாமாங்க என்றார். கேளுங்க என்றேன். பட்டப் பத்தி நான் கேப்பேன்னு பயந்துகினு இருப்பீங்க, அதக் கேக்கணும்னா நான் மொதல்ல எங்க வூட்டு பீரோவ இல்ல தொறக்கணும், இவங்க கல்யாணப் பொடவ உங்க ஊர்ல எடுத்ததுதான் என்றார். பத்மாவதி, அத ஏன் இங்க இழுக்கிறீங்க என்று அவர் முழங்கையை இடித்தார். முத்துவேல் சிரிப்பை அடக்கப் பார்த்து ஒரு இழையை அறுத்தான்.

நான் கேக்க வந்தது வேற, என்றார் பிறகு. உங்க பையன் ராச்சாப்பாட்ட மூணு மணிக்குச் சாப்புடுறாராமே, நெசமாங்களா?

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அங்கே இந்த மாதத்தில் மூன்று மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுமாம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்று காவ்யா சின்ன வயதிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் விரதத்தை அங்கேயும் விடவில்லையாம். ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் மத்தியானக் காபி குடிக்கும்போது அவள் மட்டும் தன் இரவுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தனியாக உட்கார்ந்திருப்பாளாம். போன குளிர்காலத்தில் ஒருநாள் எதிர் நாற்காலியில் நீ உன் டப்பாவோடு வந்து உட்கார்ந்தாயாம். ஏன் என்று அவள் கேட்டதற்கு, எனக்கும் பசிக்குது என்றாயாம். அன்றிலிருந்து தினமும். ரெண்டாவது குளிர்காலம் நடக்குதுங்க, நாந்தான் அவளக் கேட்டேன், அந்தப் பையன் ஒன்னோட சாமி கும்புடுவானான்னு, அவ சொன்னா, அதெல்லாம் தெரியாதுப்பா, என்னோட மூணு மணிக்குச் சாப்புடுறான்னு என்றார்.

கோபி. நான் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தால் அங்கே சாயங்காலம். சாப்டியா என்றால், ராச்சாப்பாடே ஆச்சும்மா என்பாய். பொய் சொல்கிறாய், ரொட்டியைக் கடித்துவிட்டு ஏமாற்றுகிறாய் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். நீ திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை முதன்முதலில் பார்க்கும் ஒரு மனிதர் என் வீட்டுத் தறிக்கூடத்தில் நின்று சொல்கிறார். அவமானமாக இல்லை. வேறென்னவோ. எனக்குத் தெரியாதுங்க என்றேன். தெரியாதா என்று அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக அந்த நேரத்தில் தெருவிலிருந்து ஒரு சத்தம். யோவ் குமரேசா! அப்பாவைத்தான். மெகபூப் பாய். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல், செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார். பார்சல் யாருக்குன்னு சொல்ல மாட்டியா நீ? காலைல முத்துவேலு வந்து டீ குடிச்சிகினே சொல்றான், நயினாரு வூட்டு ஆளுங்க வராங்கன்னு. கட்ட எடுக்கும்போதுதான் எனக்கு ஒறச்சிது, அவங்களுக்காய்யா குஸ்கா கட்டச் சொன்ன? கறி வெந்த தண்ணில வெந்த சோறுய்யா அது! பீஸ் இல்லாட்டி ஆச்சா? நான் கட்டிக் குடுத்துட்டு நாளைக்கு அல்லாகிட்ட இன்னா ஜவாப் சொல்றது? சொல்லிக்கொண்டே தறிக்கூடத்து நிலைப்படியில் வந்து நின்றார். பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் எதையோ மறைப்பதுபோல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். உன் அப்பாவுக்கு வீடு தேடி வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வரவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நம்ம வூட்ல கை நனைக்க மாட்டாங்க, சரி, பார்சலாக் குடுத்துட்டா அவங்க வூட்ல போய்தான நனைப்பாங்க, அது எந்தக் கணக்குல வரும்? அதற்கு அவர் தேர்ந்தெடுத்த சைவச் சாப்பாடு குஸ்கா. பீஸ் போடக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வீடு போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும், அதை யாரும் தொடப்போவதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அன்பு முழுசாக இருந்தால் மூளை பாதியாகிவிடும் போலிருக்கிறது.

தறி நின்றிருந்தது. முத்துவேல் அறுந்த இழையை மீண்டும் மீண்டும் முடிந்துகொண்டிருந்தான். சுப்பராயலு மாமா விட்டத்தில் எதையோ தேடினார். அவருடைய பத்து நாள் நடை. உன் இரண்டு குளிர்காலம். எல்லாம் அந்தச் சின்ன அறையில். தரணேந்திரன் மெதுவாகக் கேட்டார், குஸ்கான்னா என்னாங்க? மாமா முந்திக்கொண்டார், அது ஒண்ணும் இல்லீங்க, ஒரு மாதிரி சோறு, விடுங்க. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவர் நாகரிகமாகத் தலையாட்டிவிட்டு குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பார், அப்புறம் சொல்லியனுப்புகிறோம் என்று. ஆனால் சற்றுமுன்தான் என் பிள்ளையைப் பற்றிய உண்மையை அவர் என் கையில் கொடுத்திருந்தார். அதனால் சொன்னேன். எல்லாவற்றையும். குஸ்கா என்றால் என்ன, அண்டா, சாறு, துண்டு. உன் அப்பாவின் புரட்டாசி வழக்கு. இந்த வீட்டுச் சட்டிகளில் கறி வேகும், மறைப்பதற்கில்லை. பிறகு ஷமீமின் டப்பா, வெள்ளைச் சோறு, உலர்ந்தது என்ற அர்த்தம். நான் உளறிக்கொண்டே போனேன் என்றுதான் நினைக்கிறேன். பாய் நடுவில், தங்கச்சி சொல்றது மெய்தாங்க, எங்க வூட்லயும் குஷ்கான்னா வெள்ளச் சோறுதான், கடைல கீறதுதான் வேற என்று சாட்சி சொன்னார்.

தரணேந்திரன் உன் அப்பா பக்கம் திரும்பினார். புரட்டாசி பூராவுமா சாப்புடுவீங்க? சனிக்கெழம கெடையாதுங்க, என்றார் அப்பா, மார்பை நிமிர்த்தி. முதலில் சிரித்தது பத்மாவதிதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் நிற்கவில்லை. அப்புறம் அவர். அவருடைய சிரிப்பு தும்மல் மாதிரி, வருமா வராதா என்று காத்திருந்து சட்டென்று வருகிறது. காவ்யாவும் அப்படித்தானா? நீதான் சொல்ல வேண்டும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், இப்ப சொன்னீங்களே, அந்த டப்பாவுல வந்த குஸ்கா, வெறுஞ்சோறு, அது கெடைக்குமாங்க?

எனக்கு விளங்கவில்லை. கிடைக்கும் என்பதுபோல் தலையாட்டினேன், எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். சுப்பராயலு மாமாவுக்குத்தான் முதலில் உறைத்தது. நின்ற இடத்திலேயே துள்ளி, தங்கச்சி, இன்னா நின்னுகினு இருக்கற, அவரு சோறு கேக்கறாரு, நம்ம வூட்ல சோறு கேக்கறாரு என்று கத்தினார். பத்மாவதி மட்டும் ஜன்னலைப் பார்த்துவிட்டு, பொழுது இருக்குதான்னு பாருங்க என்றார். மணி ஐந்து தாண்டியிருந்தது. வானம் முழுக்க மேகம். சூரியன் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்காக ஆறு பேர் ஓடினோம். கறி படாத பாத்திரம் இந்த வீட்டில் ஒன்றே ஒன்று, பொங்கலுக்கு மட்டும் இறக்கும் வெண்கலப் பானை. அது பரண்மேல். முத்துவேல் தறிப்பலகையில் ஏறி இறக்கினான். பத்மாவதி பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணியை எடுத்துப் பானைவாயில் விரித்துத் தண்ணீரை வடிகட்டினார். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரும் வெந்துவிடக் கூடாது, அது அவர்கள் வழக்கம். ஒருமுனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர். நெசவுக்காரி கை, துணியை எப்படி இழுத்துப் பிடிக்கிறது பாருங்க என்றார். அது ஒரு பாராட்டு என்று எனக்கு இன்று காலைதான் தோன்றியது. பாய் தன் கடைக்கு ஓடி, நறுக்காத வாழையிலைக் கட்டோடு திரும்பினார், நனைந்துகொண்டே. அப்பாவிடம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று பானையிடம் ஜல்தி, ஜல்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார். முத்துவேலை மொட்டைமாடிக்கு அனுப்பினோம், மேற்கே பார்க்க. கீழிருந்து நான், டேய் இருக்குதா? மேலிருந்து அவன், மேகத்துக்குப் பின்னால வெளிச்சம் கீது அண்ணி! திரும்பவும் நான். திரும்பவும் அவன். எதிர் ஜன்னலிலிருந்து பச்சையம்மாள், இன்னாடி கீது மேல, திருடனா?

சோறு வெந்துவிட்டது. வடித்தேன். முன்கட்டில் இலை போட்டாயிற்று. ஆனால் வீட்டுக்குள் மங்கல். லைட்டைப் போடப் போன அப்பாவைப் பத்மாவதி கை காட்டி நிறுத்தினார். லைட்டுப் போட்டுச் சாப்பிடுவதென்றால் இரவு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லோரும் தரணேந்திரனைப் பார்த்தோம். அவர் பின்கட்டுக்கு நடந்தார், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், கூரை இல்லாத இடத்துக்கு. நான் செம்போடு பின்னால் போனேன். தூறல் விட்டிருந்தது. எங்கப்பாகிட்ட கடியாரம் கெடையாதுங்க, கைல ரேக தெரியுதான்னு பாப்பாரு, தெரிஞ்சா பகலு, தெரியலன்னா பட்டினி என்றார். வலது கையை வானத்துக்கு நேராக விரித்தார். நீங்களே பாத்துச் சொல்லுங்க என்றார்.

குனிந்து பார்த்தேன். நான் என்ன சொன்னாலும் அவர் ஏற்றுக்கொள்வார் என்று தெரிந்தது. அதனாலேயே பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். சேற்றுக் காலம், நாற்று நட்ட கை. ரேகைகள் ஆழமாக, மண்கோடு போட்டதுபோல், ஒவ்வொன்றும் தெரிந்தது. தெரியுதுங்க, என்றேன். அப்ப ஊத்துங்க என்றார்.

செம்பைச் சாய்த்தேன். கை நனைந்தது.

அவ்வளவுதான், கோபி. போனில் அப்பா சொல்லியிருக்கக்கூடிய ஒரு வார்த்தை இதுதான். ஆனால் அந்த வார்த்தைக்குள் அந்தக் கை இருந்திருக்காது.

சாப்பிட்டார்கள். வெறும் சோறு, ஒரு கரண்டி நெய், உப்பு, தயிர். முதல் இலையில் சோறு விழும்போது பாய் தன்னை மறந்து கடையில் கத்துவதுபோலவே, ஒரு குஸ்கா! என்று குரல் கொடுத்தார். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், துண்டும் இல்லாத சாறும் இல்லாத ஒரு குஸ்காவைத் தன் வாழ்க்கையில் முதல்முறையாக. எப்படி இருக்குது சம்பந்தி என்று பாய்தான் தரணேந்திரனைக் கேட்டார். அந்தச் சொல்லை முதலில் சொன்னது அவர். அரிசி நல்லா இருக்குது, யாரு வெளைச்சது என்றார் இவர். நீங்கதாங்க என்றார் சுப்பராயலு மாமா. அது மெய்யா வியாபாரமா என்று கேட்காதே. தை பிறந்ததும் நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் இலையை மடித்தார்கள். கடைக்குப் போய் மசாலா பூசிக்கொண்டிருந்த ஒரு சொல் நேற்று நம் வீட்டில் குளித்துவிட்டு வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. எம்.ஏ. படித்ததற்கு இவ்வளவு நாள் கழித்து ஒரு பலன்.

நீ கறியை விட்டுவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. அது நீயும் காவ்யாவும் பேசிக்கொள்ள வேண்டியது. ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்தச் சாப்பாட்டுக்கடையில் பீஸ் இல்லையா என்று கேட்காதே, உன் அப்பா கேட்கும் கேள்வி அது. எதில் வேகவைத்தீர்கள் என்று கேள். பச்சைப் புள்ளியை நம்பி அவள் ஸ்பூனை எடுக்கக் கூடாது. அப்பா நேற்று படுக்கும்போது என்னைக் கேட்டார், அப்ப இத்தன வருஷம் புரட்டாசியில நான் சாப்ட்டதெல்லாம்? பெருமாளிடம் பீஸைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பதில்லை, நீயும் போனில் ஒரு அதட்டுப் போடு. கலசப்பாக்கத்து அத்தை மகள் பானுப்ரியாவுக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம், ஒரு வாழ்த்து அனுப்பு. மயில்கழுத்துப் புடவை முந்தி முடியும் தறுவாயில் இருக்கிறது. அது யாருக்கென்று முத்துவேல் நேற்றுவரை கேட்டுக்கொண்டிருந்தான். இன்று கேட்கவில்லை. நான் கேட்டதாக காவ்யாவிடம் சொல், பட்டு கட்டுவாளா, அல்லது பருத்தியில் அதே நிறம் ஓட்டட்டுமா. எதுவானாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்குச் சொல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருந்ததற்கு உன்னைத் திட்ட வேண்டும். அடுத்த கடிதத்தில் திட்டுகிறேன். இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், ஒரே இலையின் இரண்டு பக்கம்போல் நன்றாக இருங்கள். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, பக்கத்தில் நின்று அதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார்.

இன்றும் உங்கள் ஊரில் மூன்று மணிக்குப் பொழுது சாயும். ஞாபகம் இருக்கட்டும். இதைப் படித்த சந்தோஷத்தில் உட்கார்ந்து நேரத்தை விட்டுவிடாதீர்கள். முதலில் இரண்டு பேரும் கை நனையுங்கள். அப்புறம் போன் செய். அரிசி டப்பாவைத் திறந்து வைக்கிறேன்.

உன் அம்மா,
மணிமேகலை குமரேசன்